கேமராவுக்குக் கடைசி இடம்

காலையிலிருந்து நாற்பது பேரிடமாவது ‘சரியாயிட்டு’ என்று சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை. அதுவும் கிரிக்கெட் நாள். தச்சநல்லூரில் பாதிப் பேருக்கு எங்கள் ஒரே கேபிளில்தான் இண்டர்நெட். அது எத்தனை பேரைத்தான் தாங்கும்?

அதற்காகத்தான் எங்கள் முதலாளி பரமசிவன் அண்ணாச்சி தெருமுனையில் புதுப் பெட்டி வைத்தார். எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று அது பிரித்து அனுப்பும். யார் முன்னே, யார் பின்னே என்று அதற்குச் சொல்லிவைத்தது நான்தான்.

போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் முதலில். அடுத்து மேட்ச். வீட்டுக் கேமராக்கள் கடைசி. சுவரும் கேட்டும் எங்கே ஓடிவிடப் போகின்றன?

புகார்களையும் அதே வரிசையில்தான் பார்த்தேன். ஒரு ஆள் வேறு என்ன செய்ய முடியும்?

வைத்தி ஸார் வீட்டுப் புகார் பதினொரு மணிக்கே வந்தது. ரிட்டயர்டான வாத்தியார், தனியாக இருக்கிறார். காது கேட்காது, போனை எடுக்க மாட்டார். மகன் ஸ்ரீசரண் சிங்கப்பூரிலிருந்து அவ்வப்போது கேமராவில் எட்டிப் பார்த்துக்கொள்வான்.

“அப்பா நாற்காலில உக்காந்துண்டிருக்கற படம் அப்படியே நிக்கறது வில்சன். கொஞ்சம் பாருங்கோளேன்.”

ஒரு மணிக்கும் கூப்பிட்டான். மூன்று மணிக்கும் கூப்பிட்டான். ‘பாக்குதேன் ஸார்’ என்று மூன்று தடவையும் சொன்னேன். கேமராதானே.

மேட்ச் முடிந்து ஊர் அடங்கியபிறகு லேப்டாப்பைத் திறந்து, அவர்கள் வீட்டுக் கேமராவை முதல் வரிசைக்கு ஏற்றினேன். ஸ்ரீசரணைக் கூப்பிட்டேன். இன்னும் அப்படியேதான் நிற்கிறது என்றான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. லைனை முதலிலிருந்து பார்த்தேன். காலையிலிருந்து ஒரு தடவைகூட அறவில்லை. மங்கலாக, மெதுவாக, ஆனால் படம் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அவனிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கேமராவை என் போனிலும் திறந்தேன்.

சாய்வு நாற்காலியில் வைத்தி ஸார். மடியில் பேப்பர். ஒரு கை கீழே தொங்குகிறது. அவன் காலையில் சொன்ன அதே படம்.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் பேப்பரின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது.

பதினொரு மணிக்கே கூப்பிட்டானே.

“சரியாயிடுத்தா வில்சன்?”

காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த வார்த்தை வாயில் வரவில்லை.