கால் மறந்த சாக்கடை

போர்ச்சுகல் கால்பந்து கிளப்பில் சேர்ந்த வாரமே, ஒகாயின் கால்களிலிருந்து ஒரு பழக்கத்தை கிளப் மருத்துவர் சிகிச்சை செய்து அழித்துவிட்டார். பந்தோடு ஓடும்போது நடுவில் ஒரு குதி குதிப்பான். அதில் அரை நொடி வீணாகிறதாம்.

பத்து வருடம் கழித்து கானாவிலுள்ள சொந்த ஊர் அக்ராவுக்கு விடுமுறையில் வந்தவன், பழைய சந்தில் பழைய கூட்டாளிகளோடு வெறுங்காலில் பந்தாட இறங்கினான். சந்தின் குறுக்கே ஓடிய சாக்கடையை எப்போதோ மூடி சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஆனாலும் அந்த இடம் வந்ததும் தொப்பை போட்ட கூட்டாளி தெத்தே பழக்கத்தில் குதித்தான். பின்னால் வந்தவர்களும் குதித்தார்கள். ஒகாய் மட்டும் நேராக ஓடினான்.

"டேய், சாக்கடைடா!" என்று கத்திவிட்டு தெத்தே சிரித்தான்.

ஒகாய்க்கு அதன் நாற்றம்கூட நினைவிருந்தது. திரும்பிப் போய் மறுபடி ஓடிவந்து பார்த்தான். கால் எழவில்லை.

"தெத்தே, அப்பல்லாம் நான் எந்தக் கால முதல்ல தூக்குவேன்? கொஞ்சம் குதிச்சுக் காட்டுடா."