பால்மா

"இலங்கைப் பணம் விழுந்து கிடக்கு வாப்பா. இப்பப் போனா டூர் செம சல்லிசு," என்றான் நௌஷாத்.

"பெட்ரோல் இல்ல, கேஸ் இல்ல, பிள்ளைக்குப் பால்மாகூடக் கிடைக்கல. பத்தி எரியிற ஊருக்கு டூரா?" என்று சீறினார் அல்லா பிச்சை. கொழும்பில் இருபது வருடம் கடை வைத்திருந்துவிட்டு அதிராம்பட்டினம் திரும்பியவர்.

"போயிட்டு வரட்டுங்க," என்ற ஜன்னத் பீவி, பன்னிரண்டு பால்பவுடர் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து மகனின் பெட்டியில் அடுக்கினார்.

"டூருக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"கொழும்புல இருக்கிற உன் தங்கச்சி பிள்ளைக்கு."

ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்த நௌஷாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தான். வாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அட்ரஸை அவர்கிட்டயே வாங்கிக்க," என்றார் உம்மா, பெட்டியை மூடியபடி. "எங்கிட்ட அவ போன் நம்பர் மட்டுந்தான் இருக்கு."