வாசல் வெளிச்சத்துல செங்கல் கலர்

சகாயமேரி எத எடுத்தாலும் கருப்புலதான் எடுப்பா. "உன் நெறத்துக்கு வேற எதுவும் எடுக்காதுடி"ன்னு அவ அக்கா சொல்லிச் சொல்லி, இவளும் அத அப்படியே நம்பிட்டா. இன்னிக்கு பைக் ஓட்டறதுக்கு லெதர் ஜாக்கெட் வாங்க வந்த கடையிலயும் நேரா கருப்பு தொங்குற பக்கம்தான் போனா. கூட வந்த ஃப்ரெண்டு தில்ஷாத்துக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. செங்கல் கலர்ல ஒண்ண உருவி, பொடவக் கடையில வச்சுக் காட்டுவாங்கல்ல, அதே மாதிரி அவ தோள்ல போட்டா.

"ஏய், ஊரே திரும்பிப் பாக்கும்டி"ன்னா சகாயம்.

"பாக்கட்டும்டி எரும, அதுக்குத்தான!"

"ட்யூப்லைட்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

"அப்ப வாசலுக்கு வா, வெளிச்சத்துல பாப்போம்."

சகாயம் முணுமுணுத்துக்கிட்டே அத மாட்டிட்டு வாசலுக்கு வந்தா. வெயில் பட்டுச்சு பாருங்க, அவளோட கருப்புக் கழுத்தச் சுத்தி அந்தக் கலர், சூளையிலேர்ந்து இப்பத்தான் எடுத்த மாதிரி தகதகன்னு நிக்குது. உள்ள ஹேங்கர்ல தொங்குனப்போ இதுக்கு இவ்ளோ உசுரு இல்லவே இல்லயே!

"நல்லால்லதான?"ன்னா சகாயம்.

தில்ஷாத் அவ காலரத் தூக்கி விட்டுட்டு, சும்மா பாத்துக்கிட்டே நின்னா.

வெளிய கண்ணாடி எதுவும் இல்ல. சகாயம் போய் தன் பைக் மேல உக்காந்தா. கடைக்காரர் அவ மொதல்ல பாத்த கருப்பு ஜாக்கெட்ட கையில போட்டுக்கிட்டு வந்து, "அப்ப இதையே பேக் பண்ணிரவாம்மா?"ன்னு கேட்டாரு.

அவ காதுல விழல. பின்னாடி வர்ற வண்டியப் பாக்குற கண்ணாடிய மெல்ல தன் மூஞ்சிக்கு நேரா திருப்பிக்கிட்டு இருந்தா.