மூன்று நொடி

"கையெழுத்துப் போடாதீங்க டாக்டர்!" அவர் விரலிடுக்கிலிருந்து பேனாவை உருவியே விடுகிறாள் பேராசிரியை. போட்டுவிட்டால், ஜன்னலோர நாற்காலியில் இருக்கும் அவள் அப்பா இன்றே இந்த முதியோர் இல்லத்தின் மாடியில், நினைவு தப்பியவர்களை வைக்கும் பூட்டுப்போட்ட வார்டுக்குப் போய்விடுவார். "கேட்டா பதிலே வரலையேம்மா, நான் என்ன பண்ண?" "கேட்டீங்க, சரி. பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?" ஒன்பது நாட்டு முதியோர் இல்லங்களில் இருபது வருடம் அவள் அளந்தது இதைத்தான். எந்த மொழியில் கேட்டாலும், மூன்று நொடிக்கு மேல் பொறுப்பவர்கள் அபூர்வம். அப்படி அளந்த அதே ஸ்டாப்வாட்சை இப்போது அழுத்துகிறாள். "அப்பா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" வெயில் அவர் முழங்கால் போர்வையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் தொண்டையைக் கனைக்கிறார். பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்த நர்ஸை ஒற்றை விரலால் அடக்குகிறாள் பேராசிரியை. பத்து நொடி. இருபது. அப்பாவின் கட்டைவிரல் போர்வை நூலொன்றைச் சுருட்டுகிறது, விடுகிறது. முப்பது. உதடு லேசாக அசைகிறது. நாற்பத்தொன்று. "முட்டை," என்கிறார் அப்பா. "உப்பே இல்ல. அந்த நர்ஸம்மாகிட்ட சொல்லி வை." நர்ஸ் குபீரென்று சிரித்துவிடுகிறாள். "ஐயோ, ஆமா டாக்டர், நான்தான் மறந்துட்டேன்!" டாக்டரும் சிரித்தபடி, அப்பாவை இங்கே சேர்த்த அன்று நிரப்பிய படிவத்தை இழுத்து, 'கேட்டால் பதில் சொல்வதில்லை' என்ற வரியைக் கோடு போட்டு அடிக்கிறார். "எந்தப் புத்திசாலி இதை எழுதினது?" அடுத்த கேள்விக்காக ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குத் திருப்புகிறாள் பேராசிரியை. "நான்தான் டாக்டர். அன்னிக்கு விமானத்துக்கு நேரமாச்சுன்னு பறந்தேன். மூணே நொடிதான் காத்திருந்தேன்."