சும்மா நாலு வரி

"மணி என்ன, லோஷினி?"

"ஒன்பதே கால், பாஸ்."

"ஆபீஸ் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு, பாஸ். ஸ்கூடாய் ரோட்டுல ஒரே ஜேம்..."

"நேத்து மழை, இன்னிக்கு ஜேம். நாளைக்கு யானை குறுக்க வந்துச்சுன்னு சொல்லுவ!"

ஜெயபாலனின் குரல் மாடியிலிருந்து கீழே டயர் கடை வரைக்கும் கேட்டது. தம்போயில் இருக்கும் அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியின் முதலாளி அவர். தொழிற்சாலைகளுக்கு வருகைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர்தான் அவர்கள் பிழைப்பு. அப்படிப்பட்டவரிடம் போய் லேட்டாக வந்தால் அர்ச்சனை கிடைக்காமல் என்ன செய்யும்?

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். மனசுக்குள் மட்டும் சிரித்தாள்.

சிரிக்கக் காரணம் இருந்தது. தூரத்திலிருக்கும் பெக்கான் நானாஸிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் அவள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பாதி நாள் லேட். ஆனால், கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேரில் அவள் பெயருக்கு நேரே ஒரு 'லேட்' கூட விழுந்ததில்லை. எங்கேயோ ஒரு பக், புரோகிராம் பிழை! எங்கே என்று அவள் தேடவில்லை. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் முட்டை ஒன்று கூடுதலாக இருந்தால் யாராவது கடைக்காரரைத் தேடிப் போவார்களா?

வெள்ளிக்கிழமை அவள் வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரிந்துவிடும். அஞ்சு லேட்டுக்கு மேல் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதுவரைக்கும் அந்த பக் நல்லா இருக்க வேண்டும், சாமி!

இந்த நேரம் பார்த்தா முதலாளிக்கு ஏஐ ஆசை வர வேண்டும்?

அந்த சாஃப்ட்வேரில் பல வருஷமாகப் பல பேர் எழுதிக் குவித்த லட்சக்கணக்கான வரிகள். எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உதவிக்கு ஒரு ஏஐ வாங்குவது என்று முடிவாகி, இரண்டு சோதனைக்கு வந்திருந்தன. பக்கத்து மேசை கென்னத் அவற்றுக்குப் பெயரும் வைத்துவிட்டான். ஒன்று ராக்கெட். கேட்ட மாத்திரத்தில் வேலையை முடிக்கும். இன்னொன்று வக்கீல். எல்லா வரியையும் படித்துவிட்டு, எதிர்க்கேள்வி கேட்கும்.

"ராக்கெட்டையே வாங்கிடலாம், பாஸ்!" என்றாள் லோஷினி. வக்கீல் எல்லாவற்றையும் படித்தால் அவளுடைய பக் மாட்டிக்கொள்ளுமே!

"சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். கென்னத், வேலைக்கு ஆகாத குப்பையெல்லாம் எடுக்கச் சொல்லு. ஒரிஜினல்ல கை வைக்காம, நகல் காப்பியில மட்டும் செய்."

ராக்கெட் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிட்டது. கென்னத் திரையைப் பார்த்து வாசித்தான்.

"'சும்மா'ன்னு பேரு போட்டு ஒரு நாலு வரி இருந்துச்சாம். தமிழில் சும்மா என்றால் காரணமில்லாமல் என்று பொருள், ஆகவே நீக்கிவிட்டேன்னு சொல்லுது!"

"அலமாக்! தமிழ்கூட தெரியுது!" லோஷினி கை தட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயபாலனுக்கு மட்டும் கோப்பி புரையேறியது.

"ஒழுங்கா ஓடுதான்னு பாப்போம்," என்று ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்க்கும் யோகேஸ்வரி அந்த நகலில் வருகைப் பதிவைத் திறந்தாள்.

லோஷினியின் பெயருக்கு நேரே மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. லேட். லேட். லேட்.

"என்னாம்மா இது? இத்தனை நாளா எங்க இருந்துச்சு இதெல்லாம்?" என்றாள் யோகேஸ்வரி.

லோஷினிக்கு அழுகை முட்டியது. கை தட்டி வரவேற்ற ராக்கெட் அவள் தலையிலேயே வந்து விழுந்துவிட்டது.

"இரு, இரு. இன்னொண்ணையும் பாத்துடலாம்," என்றார் ஜெயபாலன் அவசரமாக.

வக்கீலின் பதில் ஆடி அசைந்து வந்தது. கென்னத் வாசித்தான்.

"மற்ற குப்பைகளை எடுத்துவிட்டேன். 'சும்மா'வைத் தொடவில்லை. பெக்கான் நானாஸ் பஸ்ஸில் வருவதாகப் பதிவில் உள்ளவர்கள் அரை மணி நேரம் வரை தாமதித்தாலும் 'லேட்' விழாமல் அது தடுக்கிறது. இது பிழையில்லை, யாரோ தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். அவரைக் கேட்காமல் நீக்கலாமா?"

லோஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாரு எழுதுனதுன்னு அதுகிட்டயே கேட்டுடுவோம்," என்றான் கென்னத்.

"அதெல்லாம் எதுக்கு?" ஜெயபாலன் எழுந்தேவிட்டார். "வக்கீலையே வாங்கிடலாம். அந்த 'சும்மா' சும்மாவே இருக்கட்டும். யோகேஸ், அந்தச் சிவப்பெல்லாம் நகல் காப்பியோட சரி, அழிச்சிடு. மீட்டிங் முடிஞ்சிருச்சு, போங்க போங்க!"

கென்னத்தின் விரல் அதற்குள் தட்டிவிட்டது. திரையில் பதில் வந்தது.

எழுதியவர்: ஜெயபாலன். கம்பெனி தொடங்கிய வருஷம்.

"யோவ் பாஸ்!" என்று கத்திவிட்டு யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "கம்பெனி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நீங்களும் அந்த பஸ்ஸுலதானே வேலைக்குப் போவீங்க?"

அவர் கோப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நழுவினார். லோஷினி பின்னாலேயே ஓடினாள். கண்ணில் தண்ணி, வாயெல்லாம் பல்.

"அப்புறம் ஏன் பாஸ் தினமும் என்னை அந்தத் திட்டு திட்டுறீங்க?"

ஜெயபாலன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுவா? சும்மாதான் லா!"