துணியை அளக்காமல் போட்ட கோடு

முடி நடும் மருத்துவரின் ஊதாப் பேனா தையற்காரரின் நெற்றியில் ஊர்ந்து, இருபது வயதில் முடி தொடங்கிய இடத்தில் வளைந்து நிற்கிறது. துணியை அளக்காமல் ஒருநாளும் சுண்ணக்கட்டியைத் தொடாத மனிதர், இன்று “முதல்ல கோட்டைப் போடுங்க டாக்டர்” என்று அடம்பிடித்திருக்கிறார். அறையின் வெளிச்சம் மொத்தமும் வேறு வேலையின்றி அவர் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விமானமே இறங்கலாம், அவ்வளவு விசாலம். முன்பு இரண்டு முறை நட்டதில் மிஞ்சிய நாலைந்து முடிகள், கூட்டம் கலைந்த மைதானத்தில் வழி தெரியாதவர்களைப் போல நிற்கின்றன. கண்ணாடியில் கோட்டைப் பார்த்ததும் அவர் புது மாப்பிள்ளையாக நிமிர்கிறார். மருத்துவர் பின்னால் போய்ப் பிடரியில் உருப்பெருக்கியை வைக்கிறார். வெகுநேரம் கழித்தே அதை எடுக்கிறார்.

“ரெண்டு தடவையும் இங்கேருந்துதான் எடுத்திருக்காங்க. இனி எடுத்து நட இங்க முடியே இல்லீங்களே.”

“வேற எங்கயாவது பாருங்க டாக்டர்.”

“எல்லாம் பாத்துட்டேங்க.”

பக்கத்தில் மனைவி கைக்குட்டையை நனைக்கிறாள். “கல்யாணத்தப்பவே பாதிக் காடு காலி. நான் என்ன ஓடியா போனேன்? வாங்க, தொடைச்சு விடறேன்.”

அவர் சிரிக்கவில்லை. “இருக்கட்டும்டி.”

கோடு அழிந்துவிடாதபடி, மடியிலிருந்த தொப்பியை இரண்டு கைகளாலும் தூக்கி, மெல்லத் தலையில் இறக்குகிறார்.