தண்டனை ஸ்டூல்

"மேல் தட்டுல அரக்கு பார்டர் போட்டு ஒரு கறுப்பு தெரியறதே, அதையும் எடும்மா."

இதோடு நாற்பத்திரண்டாவது புடவை. மயிலாப்பூர் வைதேகி மாமி, பெண் தீபிகாவின் வளைகாப்புக்குக் கறுப்புப் புடவை எடுக்க வந்திருந்தாள். தி.நகர் ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், குஷன் நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்து ஒரு மணி நேரமாகிறது.

எதிரே நின்று எடுத்துப் போடுகிற அன்புக்கரசிக்கு ஏழாவது மாதம். எக்கிப் புடவையை எடுத்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

மாமிக்கு இளகின மனசு. ஏன் இப்படி நொண்டுகிறாய் என்று விசாரித்தாள்.

"இடுப்பெலும்பு கயண்டு வர்ற மாரி கீதும்மா. ஒரேடியா நிக்காத, அப்பப்ப ஒக்காரு, இல்லாங்காட்டி படுத்த படுக்கைதான்னு டாக்டரம்மா சொல்லிச்சு. படுத்துக்கினா வேலை போயிடும்."

மாமி உருகிப் போனாள். தீபிகாவுக்கும் இதே வலிதானாம். அடையாறிலிருந்து பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறாளாம்.

"முழங்காலுக்கு நடுவுல தலகாணி வெச்சுண்டு ஒருக்களிச்சுப் படுத்துக்கோ. எழுந்துக்கறச்சே ரெண்டு காலையும் சேர்த்து வெச்சுண்டு எழுந்துக்கோ. முக்கியமா, நின்னுண்டே இருக்கப்படாது, தெரியறதா? சரி, அந்த நீலம் கலந்த கறுப்பைக் காட்டு."

அன்புக்கரசி நாற்பத்து மூன்றாவதை எடுத்து விரித்தாள்.

அப்போதுதான் வந்து சேர்ந்தாள் தங்கபுஷ்பம். அந்த மாடிக்கு சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கம். அவள் வாய்க்குப் பயந்து கடையில் காக்கா கூட ஒதுங்காது.

"ஏட்டி அன்பு, கரையை மாத்தி மடிச்சு வச்சிருக்கே. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? காலையில இருந்து இது மூணாவது தப்பு. போ, ஸ்டூல்ல போய் உக்காரு. நான் சொல்லுத வரைக்கும் எந்திரிக்கப்படாது."

தூண் ஓரமாக ஒரு ஸ்டூல் கிடந்தது. தப்பு செய்கிற பெண் அதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கூடை நிறைய ரவிக்கைத் துணிகளை நிறம் பிரிக்க வேண்டும். போகிற வருகிற ஜனமெல்லாம் பார்க்கும். முதலாளி முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி கொண்டு வந்த ஏற்பாடு அது.

அன்புக்கரசி தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

மாமி அந்தப் புடவையை எடுத்துப் பார்த்தாள். கரை சரியாகத்தான் மடிந்திருந்தது. அடிப்பாவி என்று அவளுக்கு வயிறு எரிந்தது. வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சுவரோரம் உட்கார வைக்கிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?

ஸ்டூலில் இருந்தவளை முதுகுப் பக்கமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறுவதற்குள் கடைக்கு ஒற்றை ஸ்டார் போட்டாயிற்று. லஸ் தாண்டுவதற்குள் கர்ப்பிணிக்கு நடக்கும் கொடுமை பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதி, நாலு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டாள். ராத்திரிக்குள் அது ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்தது.

மறுநாள் அண்ணாச்சியே போன் செய்தார். கடை பேர் கெட்டுவிடும் போலிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று குழைந்தார். தங்கபுஷ்பத்தை எல்லோர் முன்னாலும் திட்டி கோடவுனுக்கு அனுப்பியாயிற்று, ஸ்டூலையும் தூக்கிப் பரண் மேல் போட்டாயிற்று, அந்தப் பெண்ணுக்கு இனிமேல் கௌரவமான இடம் என்று சத்தியம் செய்தார்.

மாமி ஒற்றை ஸ்டாரை அஞ்சாக்கினாள். ஒரு ஜீவனைக் காப்பாற்றின திருப்தியில் அன்றைக்கு ரெண்டு கவளம் கூடவே இறங்கிற்று.

அடுத்த வாரம் ரவிக்கைத் துணி மாற்றப் போனபோது, கௌரவமான இடம் வாசலிலேயே தெரிந்தது. பட்டுப்புடவையும் தலை கொள்ளாத பூவுமாக, கையில் பன்னீர்ச் செம்போடு அன்புக்கரசி நின்றுகொண்டிருந்தாள். வருகிற ஒவ்வொருத்தருக்கும் பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து, கும்பிடு போட வேண்டும்.

கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு கையால் கதவைப் பிடித்துத்தான் நிற்க முடிந்தது.

உள்ளே இருந்து அண்ணாச்சி ஓடி வந்தார். மாமிக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். இப்போ திருப்திதானே என்று கேட்டுவிட்டு, வேறு யாரையோ வரவேற்கப் போனார்.

மாமி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பெருமையாகச் சிரித்தாள். "இனிமே உன்னை ஒருத்தரும் அந்த ஸ்டூல்ல உட்கார வைக்க முடியாதுடிம்மா. சந்தோஷம்தானே?"

அன்புக்கரசி உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க கடையில நாங்க ஒக்காரக்கூடாதும்மா. ஒக்காந்தா லட்சுமி எழுந்து போய்டும்ன்னு அண்ணாச்சி சொல்லுவாரு. தப்பு பண்ணா மட்டும்தான் ஸ்டூலு. தங்கபுஷ்பம் அக்காதான் தெனம் நாலு தபா, பண்ணாத தப்பெல்லாம் கண்டுபுடிச்சு என்னைய ஒக்கார வெச்சுக்கினு இருந்துச்சு."

மாமிக்கு வாயில் போட்ட கல்கண்டு கரையவில்லை.

அன்புக்கரசி குனிந்து, பன்னீர் தெளிக்கிற சாக்கில் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நீங்க எழுதுனா கேக்குறாங்க. இன்னொரு தபா எழுதுங்களேன். வாசல்ல நிக்கிற பொண்ணு ரொம்பத் தப்பு பண்ணுது, அதுக்குத் தண்டனை குடுங்கன்னு."